கழுவாத கையில்லை: கரப்பானும் எண்ணெயும் ஒரு சிறு வரலாறு

தலவாக்கலைப் பக்கத் தோட்டங்களில் வளர்ந்த எங்களுக்குக் கொழுந்தெடுக்கிற கை எப்படி இருக்கும்னு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. விரல் நுனியில் கறுப்புக் கறை, உள்ளங்கையில் வெடிப்பு, சிலருக்கு அரிப்பும் நீர்க்கசிவும். பெரியவங்க இதைக் கரப்பான்னு சொல்லுவாங்க, டாக்டர்மார் எக்ஸிமாங்கிறாங்க. மருந்தெடுக்கப் போன இடத்தில் "கைய ஒழுங்கா கழுவு"ன்னு சொல்லித் திருப்பி அனுப்பின கதை எங்களில் பலர் வீட்டிலும் இருக்கு. அழுக்குதான் காரணமா? அதைத் தேடித்தான் இதை எழுதுறோம்.

1869இல் இலைநோய் வந்து கோப்பி அழிந்தது. மலையெல்லாம் தேயிலையானது. 1885இல் ரயில் தலவாக்கலையைத் தாண்டி நானுஓயாவுக்கு வந்தது. அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1887இல், ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் பவுல் உன்னா என்ற தோல் மருத்துவர் ஒரு வகை எக்ஸிமாவைத் தோலின் எண்ணெய்ச் சுரப்போடு சேர்த்துப் பெயரிட்டார். உச்சந்தலை, மூக்கோரம், புருவம் என்று எண்ணெய்ச் சுரப்பிகள் நிறைந்த இடங்களில் வருவது அது. அந்த எண்ணெயைத் தின்று வாழும் ஒரு பூஞ்சைக்கும் அதில் பங்குண்டு என்பது இன்றைய விளக்கம்.

மற்ற எக்ஸிமாவுக்குக் காரணம் மாறிக்கொண்டே வந்தது. 1891இல் பிரான்சில் நரம்புக் கோளாறு என்றார்கள். 1933இல் அமெரிக்காவின் வைஸும் சல்ஸ்பர்கரும் "அடோபிக் டெர்மடைட்டிஸ்" என்று பெயர் வைத்து ஒவ்வாமையின் பக்கம் திருப்பினார்கள். 2006இல் ஸ்கொட்லாந்தின் டண்டீயில் ஃபிலாக்ரின் என்ற தோல் புரதத்தின் மரபணுக் குறை இதற்கு ஒரு முக்கிய காரணம் என்று கண்டார்கள். அதுக்கப்புறம்தான் தோலின் மதில் பலவீனமாவதுதான் தொடக்கம் என்ற பேச்சு வலுத்தது.

அந்த மதில் செங்கல் சுவர் மாதிரி. செல்கள் செங்கல், இடையில் இருக்கும் கொழுப்புதான் சாந்து. இந்தச் சாந்தைத் தோல் செல்களே செய்கின்றன. சுரப்பிகள் விடும் எண்ணெய் வேறு, அது மேலே பூசின மாதிரி. உள்ளங்கையில் எண்ணெய்ச் சுரப்பியே கிடையாது! அங்கே மேல்பூச்சு இல்லை, சாந்து மட்டும்தான். விடியற்காலைப் பனியில் நனைந்த இலை, மழை, குளிர், பீலிக்கரையில் சோப்புப் போட்டுத் துவைக்கிற வேலை எல்லாம் சேர்ந்து அதையும் கரைக்கின்றன. ஆகவே வெடித்த கை கழுவாத கையில்லை. ஓயாமல் நனைந்த கை.

இது ஏன் முன்னமே எங்கள் பக்கம் பேசப்படல? 1872இலேயே தோட்டத் தொழிலாளர் மருத்துவத்துக்குச் சட்டம் வந்தது. 1916இல் ராக்ஃபெல்லர் அமைப்பின் உதவியோடு தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு தொடங்கியது. அந்தப் புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகும், இரத்தத்தைக் குறைக்கும், ஆளை வேலைக்கு ஆகாதவராக்கும். வேலை கெட்டபோது காலின் தோல் கவனிக்கப்பட்டது. கரப்பான் வந்த கையோ வலியோடு பெரட்டுக்குப் போனது, கூடையும் நிறைந்தது. அதனால்தான் அது கணக்கில் வரலைன்னு நாங்க நினைக்கிறோம்.

எங்க அம்மாயிமார் ராத்திரி படுக்கிறதுக்கு முன்னாடி கையில் தேங்காய் எண்ணெய் தேய்ப்பாங்க. பிலிப்பைன்ஸில் எக்ஸிமா உள்ள பெரியவர்களிடம் தேங்காய் எண்ணெயையும் ஒலிவ எண்ணெயையும் ஒப்பிட்டு 2008இல் வெளியான ஆய்வில், தோலில் கிருமியைக் குறைத்ததில் தேங்காய் எண்ணெயே முன்னுக்கு நின்றது. அதுக்காக எண்ணெய் மட்டும் போதும்னு சொல்ல வரல. நீர் கசிந்தால், புண்ணானால் டாக்டரைப் பார்க்கத்தான் வேணும். கையை நனையாமல் காக்கிற உறையும், கழுவின பிறகு பூசக் களிம்பும் தோட்டத்திலேயே கிடைக்கணும். அதைக் கேட்கும்போது "கைய கழுவு"ன்னு யாராவது சொன்னால், உள்ளங்கையில் எண்ணெய்ச் சுரப்பி இல்லைங்கிறதிலிருந்து பேச்சைத் தொடங்குவோம்.