ஒற்றை வரிக்கு ஓர் உரை

மூலம்:

இன்டர்ஃபேஸ் மலைப்பயணம் {
  சீட்டு பதிவுசெய்(ஊர் இடம், தேதி நாள்) த்ரோஸ் பாதைஅடைப்பு;
}

இன்டர்ஃபேஸ் மலைப்பயணம்: சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சீட்டுப் போடும் மென்பொருள் என்று கொள்க. தமிழ்ப் பெயர்கள் விளையாட்டுக்கு வைத்தவை அல்ல. ஜாவா யூனிகோட் எழுத்துகளைப் பெயராக ஏற்கும்.

தேதி நாள்: கடந்துபோன தேதியைக் கொடுத்தால்? அது அழைத்தவரின் நிரலில் உள்ள பிழை. திருத்த வேண்டியது அந்த நிரலைத்தான். ஆகவே இல்லீகல்ஆர்க்யுமென்ட்எக்செப்ஷன், அன்செக்டு. ஜாவாடாக்கில் ஒரு வரி குறித்தால் போதும்.

த்ரோஸ் பாதைஅடைப்பு: வரியின் உயிர் இங்கே இருக்கிறது. செக்டு எக்செப்ஷனை அழைப்பவர் பிடித்தாக வேண்டும், அல்லது தம் த்ரோஸிலும் எழுதி மேலே அனுப்ப வேண்டும். இரண்டும் செய்யாதவரைக் கம்பைலர் விடாது. இவ்வளவு கெடுபிடி எதற்கு? இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலைப்பாதையில் மண்சரிவு புதிதல்ல. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையிலும் சரிந்தது. நிரல் எவ்வளவு சரியாக இருந்தாலும் இது நடக்கும். நடந்தால் செய்வதற்கும் ஒன்று உண்டு: குப்பனூர் வழியாக ஏறலாம், இல்லையேல் பயண நாளை மாற்றலாம். தடுக்க முடியாதது, ஆனால் மாற்றுவழி உள்ளது. இரண்டும் சேர்ந்ததால்தான் செக்டு.

எஸ்கியூஎல்எக்செப்ஷன் இல்லாமை: மூலம் சொல்லாமல் விட்டதற்கும் உரை சொல்ல வேண்டும். சீட்டு எந்தத் தரவுத்தளத்தில் சேர்கிறது என்பது உள்வீட்டுச் சங்கதி. அதை வாசலில் எழுதினால், நாளை தரவுத்தளத்தை விட்டு வேறு சேவைக்கு மாறும்போது இன்டர்ஃபேஸே பொய்யாகும். ஸ்பிரிங் ஃபிரேம்வொர்க் எஸ்கியூஎல்எக்செப்ஷனை டேட்டாஆக்சஸ்எக்செப்ஷன் என்னும் அன்செக்டு வகையாக மாற்றித் தருவது சரியான முடிவு.

வெறும் எக்செப்ஷன் என்னாமை: ஜாவாவின் கேலபிள் இன்டர்ஃபேஸ் அப்படி எழுதுகிறது, எந்த வேலை வருமென்று அதற்குத் தெரியாது. நமக்குத் தெரியும்; தெரிந்தும் அப்படி எழுதினால் அது சோம்பல்தான்.

அரைப்புள்ளி: இதற்குப் பின் மாற்றம் கடினம். செயல்படுத்தும் கிளாஸ் த்ரோஸைக் குறைக்கலாம், புதிய செக்டு எக்செப்ஷனைக் கூட்ட முடியாது. இன்டர்ஃபேஸிலேயே கூட்டினாலோ, அழைக்கும் நிரல்கள் மறுபடி கம்பைல் ஆகாமல் நிற்கும். ஒரு செலவும் உண்டு: 2014இல் ஜாவா 8 கொண்டுவந்த ஃபங்ஷன் இன்டர்ஃபேஸில் த்ரோஸ் கிடையாது, ஆகவே பதிவுசெய் மெத்தடை ஸ்ட்ரீமின் மேப்புக்குள் நேராகப் போட முடியாது. பாதைஅடைப்புக்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாம். த்ரோஸில் இன்னொரு பெயரைச் சேர்க்க வருபவர், அதைப் பிடித்தவர் என்ன செய்வார் என்பதை முதலில் எழுதிக் காட்டட்டும்.