நாயின் சினைக்காலக் கண்காணிப்பு: வரலாறு

நாயின் சினைக்காலக் கண்காணிப்பு என்பது, பெட்டை நாய் சினையுற்றது முதல் குட்டி ஈனும் வரை கால்நடை மருத்துவர் மேற்கொள்ளும் பரிசோதனைகளைக் குறிக்கும். தாய் உண்மையிலேயே சினையாக உள்ளதா, எத்தனை குட்டிகள் உள்ளன, அவை உயிருடன் உள்ளனவா, எந்த நாளில் பிறக்கும் என்னும் நான்கு கேள்விகளுக்கு இப்பரிசோதனைகள் விடை தேடுகின்றன. இவற்றுள் நான்காவது கேள்வியே மருத்துவர்களை நீண்ட காலம் திணறச் செய்தது.

பழங்கால மதிப்பீடுகள்

கிரேக்க எழுத்தாளர் செனபோன், வேட்டை பற்றிய தம் நூலில் நாயின் சினைக்காலம் 60 நாள்கள் என்று குறிப்பிட்டார். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அரிசுட்டாட்டில், லக்கோனிய இன நாய்களுக்கு 60 நாள்கள் என்றும், அது ஓரிரு நாள் கூடலாம் அல்லது குறையலாம் என்றும் எழுதினார். வேறு சில நாய்களுக்கு 72 நாள்கள் என்றும், இன்னும் சிலவற்றுக்கு மூன்று மாதங்கள் என்றும் அவர் கூறினார். மூன்று மாதம் என்பது தவறு. ஆனால் 60, 72 என்னும் எண்களை வெறும் பிழை என்று தள்ளிவிட முடியாது. இனச்சேர்க்கை நடந்த நாளிலிருந்து எண்ணினால் இவ்வளவு வேறுபாடு உண்மையிலேயே வருகிறது. அதன் காரணம் தெரிய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

சினைமுட்டையைத் தேடி

1827இல் கார்ல் எர்ன்சுட்டு வான் பேயர், பாலூட்டிகளின் சினைமுட்டையை முதன்முதலாக நுண்ணோக்கியில் கண்டறிந்தார். அன்று பிரசியாவில் இருந்த கோனிக்சுபெர்க்கு நகரில் இந்த ஆய்வு நடந்தது. அவர் ஆராய்ந்த விலங்கு ஒரு நாய். உடன் பணியாற்றிய பேராசிரியர் பர்தாக்கின் வீட்டு நாய் அது. 1845இல் தியோடர் பிசோஃப், நாயின் கரு வளரும் நிலைகளை விளக்கித் தனி நூலே வெளியிட்டார். 1931இல் கலிபோர்னியாவில் எவான்சு, கோல் ஆகிய இருவரும் நாயின் பாலியல் சுழற்சியை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டனர். பிறப்புறுப்பிலிருந்து எடுத்த செல்களை நுண்ணோக்கியில் பார்த்து, நாய் எந்தப் பருவத்தில் உள்ளது என்பதை அறியும் முறைக்கு அது வழிகாட்டியது.

கையும் கதிரும் ஒலியும்

கருவிகள் வருமுன் மருத்துவருக்கு விரல்களே துணை. சினையுற்ற நான்காவது வாரத்தில் வயிற்றை மெல்ல அழுத்தினால், கருப்பை மணிமாலை போல உருண்டை உருண்டையாகத் தட்டுப்படும். ஐந்தாவது வாரத்திற்குப் பின் அந்த உருண்டைகள் ஒன்றோடொன்று இணைந்துவிடுவதால், கையால் கண்டறிவது கடினம்.

1895இல் இரோஞ்சன் எக்சு கதிர்களைக் கண்டுபிடித்தார். பின்னர் இக்கதிர்கள் கால்நடை மருத்துவத்திலும் பயன்பட்டன. ஆனால் குட்டிகளின் எலும்பில் சுண்ணாம்பு படிந்த பிறகே அவை படத்தில் தெரியும். அதற்கு ஏறத்தாழ 45 நாள்கள் ஆகின்றன. 55ஆம் நாளுக்குப் பின் எடுக்கும் படத்தில் தலைகளையும் முதுகெலும்புகளையும் எண்ணிக் குட்டிகளின் தொகையைச் சொல்லலாம். இன்றும் எண்ணிக்கைக்கு இதுவே நம்பகமான முறை.

1958இல் கிளாசுகோவில் இயன் டொனால்டு குழுவினர் மகப்பேற்று மருத்துவத்தில் மீயொலியைப் பயன்படுத்தியதை வெளியிட்டனர். 1980களில் அந்த 'ஸ்கேன்' நாய்களுக்கும் பரவியது. 25ஆம் நாளையொட்டிக் கருவின் இதயத் துடிப்பையே திரையில் காண முடிந்தது. ஈனும் காலத்தில் குட்டியின் துடிப்பு நிமிடத்திற்கு 200க்கு மேல் இருப்பது நலம். 180க்குக் கீழே இறங்கினால் குட்டி மூச்சுக்குத் தவிக்கிறது என்று பொருள்.

முதல் நாள் எது?

இதயத் துடிப்பைக் கண்ட பிறகும் ஈனும் நாளைத் திட்டமாகச் சொல்ல முடியவில்லை. விடை இரத்தத்தில் இருந்தது. யாலோ, பெர்சன் ஆகியோர் உருவாக்கிய கதிரியக்க அளவீட்டு முறையால், இரத்தத்தில் மிக நுண்ணிய அளவில் உள்ள ஹார்மோன்களையும் அளக்க முடிந்தது. இதற்காக யாலோ 1977இல் நோபல் பரிசு பெற்றார். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பேட்ரிக் கான்கனன் குழுவினர் இம்முறையைக் கொண்டு நாய்களை ஆராய்ந்தனர்.

1983இல் அவர்கள் வெளியிட்ட முடிவு தெளிவானது. இனச்சேர்க்கை நாளிலிருந்து எண்ணினால் சினைக்காலம் 57 முதல் 72 நாள்கள் வரை மாறுபடுகிறது. லூட்டினைசிங் ஹார்மோன் உச்சம் அடைந்த நாளிலிருந்து எண்ணினால் 64 முதல் 66 நாள்களே. நாய்களின் விந்தணு தாயின் உடலில் ஒரு வாரம் வரை உயிர்வாழும். சினைமுட்டையோ வெளிவந்தபின் முதிர்வதற்கு இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்ளும். ஆகவே இனச்சேர்க்கை நாள் வேறு, கருவுறும் நாள் வேறு.

சினைமுட்டை வெளிவருமுன்னரே நாயின் இரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் உயரத் தொடங்குகிறது. எனவே அதை அளந்தாலே முட்டை வெளிவரும் நாளை அறியலாம். அதிலிருந்து 63ஆம் நாளையொட்டிக் குட்டிகள் பிறக்கும்.

ஆனால் இந்த ஹார்மோன் சினையைக் காட்டாது. சினையில்லாத நாயிலும் அது இரண்டு மாதம் உயர்ந்தே இருக்கும். அதனால்தான் சில நாய்கள் சினையில்லாமலே வயிறு பருத்துப் பால் சுரக்கின்றன. இது பொய்ச்சினை எனப்படும். இதைப் பிரித்தறிய, நஞ்சுக்கொடி சுரக்கும் ரிலாக்சின் என்னும் ஹார்மோன் உதவுகிறது. நான்காவது வாரத்திற்குப் பின் செய்யும் இரத்தப் பரிசோதனையில் அது தெரியும்.

இன்றைய பயன்

புல்டாக் போன்ற பெரிய தலையுடைய இனங்களில் குட்டிகள் பெரும்பாலும் அறுவை மூலமே எடுக்கப்படுகின்றன. குட்டியின் நுரையீரல் கடைசிச் சில நாள்களில்தான் முழுமையடைகிறது. இரண்டு மூன்று நாள் முந்தினால் குட்டி மூச்சுவிட இயலாமல் இறக்கும், பிந்தினால் வயிற்றிலேயே இறக்கும், தாய்க்கும் ஆபத்து. எனவே நாளைச் சரியாகக் கணிப்பது உயிர்காக்கும் செயலாகிறது.

வீட்டில் செய்யத்தக்க எளிய முறையும் ஒன்று உண்டு. ஈனுவதற்கு முன் புரோஜெஸ்டிரோன் சட்டென்று குறைவதால் தாயின் உடல் வெப்பமும் குறைகிறது. கடைசி வாரத்தில் நாள்தோறும் காலையும் மாலையும் வெப்பமானியால் அளந்து குறித்துவந்தால், அது 37.2 செல்சியசு பாகைக்குக் கீழே இறங்குவதைக் காணலாம். பெரும்பாலும் அதன்பின் 24 மணி நேரத்திற்குள் ஈற்று வலி தொடங்கும். வெப்பம் குறைந்து ஒரு நாள் கடந்தும் வலி எடுக்காவிட்டால் மருத்துவரை அழைக்க வேண்டும்.