மாம்பலம் எங்கே முடிகிறது, தி. நகர் எங்கே தொடங்குகிறது?



மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்கி மேற்கே வந்தால் மேற்கு மாம்பலம், கிழக்கே போனால் தி. நகர். அப்படியானால் கிழக்கு மாம்பலம் எங்கே போயிற்று என்று யோசித்திருக்கிறீர்களா?

நூற்றைந்து ஆண்டுகளுக்கு முன் தண்டவாளத்தின் இரு பக்கமும் மாம்பலம்தான். சென்னைக்கு வெளியே இருந்த கிராமம் அது. நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே நீண்டு கிடந்த பெரிய ஏரியை ஆங்கிலேயர் ‘லாங் டேங்க்’ என்றார்கள். 1920-களில் அந்த ஏரியின் மாம்பலம் பகுதியைத் தூர்த்து மனை பிரித்தார்கள். புதிய நகருக்கு நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயரின் பெயர் வைக்கப்பட்டது. பூங்காவுக்குப் பனகல் அரசர், சாலைகளுக்கு டி.எம். நாயர், முகமது உஸ்மான் என்று அக்கட்சியினரின் பெயர்களே அமைந்தன. கிழக்கே புதுப்பெயர் வேரூன்ற, பழைய பெயர் மேற்கோடு சுருங்கிவிட்டது. ரயில் நிலையப் பலகை மட்டும் மாறவில்லை.

பக்கத்துச் சி.ஐ.டி. நகரைப் பாருங்கள். அது ‘சிட்டி இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட்’ அமைத்த நகர். அந்த அமைப்பு 1961-இல் வீட்டுவசதி வாரியமாகிவிட்டது. பெயர் மட்டும் நிற்கிறது.

எல்லைகளும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. மேற்கு மாம்பலத்துக்கு அஞ்சல் எண் 600033, தி. நகருக்கு 600017. ஆனால் சட்டமன்றத் தொகுதியோ தியாகராய நகர்.

இது வெறும் பழங்கதை இல்லை. பத்திரத்தில் சொத்தை அடையாளம் காட்டுவது கிராமப் பெயரும் சர்வே எண்ணும்தான். விளம்பரத்தில் வரும் ‘தி. நகர் அருகில்’ அல்ல. வில்லங்கச் சான்று கேட்கும்போதும் அந்த விவரங்களே தேவை. உங்கள் பத்திரத்தின் சொத்து விவரப் பக்கத்தை ஒருமுறை எடுத்துப் படியுங்கள்.

இன்னொன்று தண்ணீர். 2021 நவம்பர் மழையில் தி. நகர்த் தெருக்கள் நீரில் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். ஏரி போன பிறகு மாம்பலம் கால்வாய்தான் வடிகால். நம் பக்கத்து ‘லேக் வியூ ரோடு’ என்ற பெயர் மட்டுமே இங்கே ஏரி இருந்ததற்குச் சாட்சி சொல்கிறது. அந்தப் பலகையை மாற்றலாம் என்று யாராவது சொன்னால், வேண்டாம் என்று சொல்லுங்கள். வடிகால் கேட்டு மாநகராட்சிக்கு மனு எழுதும்போது அந்தப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.