நீந்துவோரின் மூச்சை அளந்த வரலாறு



ஓடுபவனின் மூச்சிரைப்பு நம் கண்ணுக்குத் தெரியும். நீந்துபவனின் முகமோ நீருக்குள் மறைந்துவிடும். அவன் உடல் எவ்வளவு உயிர்வளியை எடுத்துக்கொள்கிறது என்பதை அறிய அறிவியலார் அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பாடுபட்டனர்.

1911ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த டக்ளஸ் என்பார், வெளிவிடும் மூச்சைச் சேகரிக்கும் பையை அறிமுகப்படுத்தினார். பையில் சேர்ந்த காற்றின் அளவையும் அதில் எஞ்சியுள்ள உயிர்வளியையும் கணக்கிட்டால், உடல் எடுத்துக்கொண்டது எவ்வளவு என்பது விளங்கும். இம்முறையைப் பின்பற்றி, சுவீடனின் லிலியெஸ்ட்ராண்டும் ஸ்டென்ஸ்ட்ரோமும் 1919 வாக்கில் நீந்துவோரை ஆராய்ந்தனர். உழைப்பு எவ்வளவு கூடினாலும் உடல் ஏற்கும் உயிர்வளிக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு என்பதை 1923இல் ஹில்லும் லப்டனும் விளக்கினர்.

ஆயினும், விரைந்து நீந்துபவரைக் கருவியோடு பின்தொடர்வது எளிதன்று. 1970களில் ஸ்டாக்ஹோமில் ஹோல்மேர் நீரோட்டத் தொட்டியில் ஆய்வுகளை நிகழ்த்தினார். வீரர் ஓரிடத்திலேயே நீந்துவார். நீர் அவரை எதிர்த்து ஓடும். பயிற்சி குறைந்தவர்கள் ஓடும்போது எட்டும் உச்ச அளவை நீந்தும்போது எட்டுவதில்லை. தேர்ந்த வீரர்களோ அதனை நெருங்குகின்றனர் என்பது இத்தகைய ஆய்வுகளால் தெளிவாயிற்று. ஆகவே, நீச்சல் வீரரை நீரிலேயே அளத்தல் வேண்டும்.

தமிழர்க்கும் நீச்சலில் பெருமைமிகு வரலாறு உண்டு. ஈழத்து நவரத்தினசாமி 1954இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் அதனை இருவழியும் கடந்தார். அவரே 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது உயிர்நீத்தார். மனவுறுதி எவ்வளவு பெரிதாயினும், உடலுக்கு வரம்பு உண்டு.

ஆசிரியர்களும் பெற்றோரும் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று இங்குள்ளது. மூச்சுவிடத் தூண்டுவது பெரும்பாலும் உயிர்வளிக் குறைவன்று; இரத்தத்தில் பெருகும் கரிவளியே என்பதை 1905இல் ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் காட்டினர். பிள்ளைகள் பலமுறை வேகமாக மூச்சிழுத்துவிட்டு நீருக்குள் மூழ்கினால், கரிவளி குறைந்திருப்பதால் மூச்சுமுட்டும் உணர்வு தோன்றத் தாமதமாகும். அதற்குள் உயிர்வளி தீர்ந்து, எவ்வித எச்சரிக்கையுமின்றி மயங்கிவிடுவர். நன்கு நீந்தத் தெரிந்த பிள்ளைக்கும் இவ்விபத்து நேரலாம்.

பள்ளி விடுமுறையில் காஜாங் வட்டாரப் பிள்ளைகள் நீச்சல் குளத்திற்கும் உலு லங்காட் ஆற்றோரங்களுக்கும் செல்வதுண்டு. “யார் அதிக நேரம் மூச்சடக்குவது?” என்ற போட்டியை அங்கே அனுமதியாதீர்கள். ஆய்வகத்தில் கருவி காத்திருந்து கண்காணித்தது. குளக்கரையில் அப்பொறுப்பு நம் கண்களுக்கே உரியது.