மவுண்ட் ரோடு: பழைய ஒளிப்படங்களும் முதியோர் நினைவுகளும்

சென்னை நகரின் நடுவே ஓடும் அண்ணா சாலைக்கு முன்பு மவுண்ட் ரோடு என்று பெயர். புனித ஜார்ஜ் கோட்டையையும் பரங்கிமலையையும் இணைத்ததால் அப்பெயர் ஏற்பட்டது. கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் இச்சாலை பலமுறை உருமாறியுள்ளது. அம்மாற்றங்களை அறிய இரண்டு சான்றுகள் பெரிதும் உதவுகின்றன. ஒன்று பழைய ஒளிப்படங்கள். மற்றொன்று அங்கு நடமாடிய மக்களின் நினைவுகள். இவ்விரண்டும் எப்போதும் ஒத்துப்போவதில்லை என்பதே இதில் சுவையான செய்தி.

படம் எடுத்தவர்கள்

1856-இல் லின்னேயஸ் ட்ரைப் என்ற இராணுவ அதிகாரி சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக நியமிக்கப்பட்டார். அவருடைய நாட்டம் பெரும்பாலும் கோயில்களிலும் கோட்டைகளிலும் இருந்தது. பின்னர் வந்த நிக்கோலஸ், வீல் அண்ட் கிளைன் போன்ற நிறுவனங்கள் நகரக் காட்சிகளைப் படமெடுத்து விற்றன. 1844-இல் தொடங்கப்பட்ட ஹிக்கின்பாதம்ஸ் புத்தக நிறுவனம் படத் தபால் அட்டைகளையும் வெளியிட்டது. வாங்கியவர்களில் பலர் வெள்ளையர்கள். ஊருக்கு அனுப்ப அவர்களுக்குத் தேவைப்பட்டவை பெரிய கடைகள், சிலைகள், அகன்ற சாலைகள். ஆகவே ஸ்பென்சர் கடைக்குப் பல படங்கள் கிடைக்கின்றன. கூவத்தின் கரையில் 1734-இல் நெசவாளர்களுக்காக உருவாக்கப்பட்ட சிந்தாதிரிப்பேட்டையின் சந்துகளுக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை.

மிகப் பழைய படங்களில் சாலை வெறிச்சோடிக் கிடப்பதைக் கண்டு, அக்காலத்தில் கூட்டமே இல்லை என்று மாணவர்கள் முடிவு செய்துவிடக் கூடாது. அன்றைய கேமராவில் ஒரு படம் பதியச் சில நொடிகளேனும் ஆகும். நின்றவர் பதிவார், நடந்தவர் புகைபோல மறைந்துவிடுவார்.

காலத்தைக் கணித்தல்

பழைய படங்கள் பலவற்றில் தேதி இருக்காது. ஆனால் படத்திற்குள்ளேயே தேதி ஒளிந்திருக்கும். மின்சார டிராம் தெரிந்தால் அது 1895-க்கும் 1953-க்கும் இடைப்பட்ட காலம். ஆங்கிலத் தளபதி நீல் சிலை தன் பீடத்தில் நின்றால் அப்படம் 1937-க்கு முந்தையது. 1857 எழுச்சியைக் கொடூரமாக ஒடுக்கிய அவருடைய சிலையை அகற்றக் கோரி 1927-இல் சத்தியாக்கிரகம் நடந்தது. பத்தாண்டுகள் கழித்து, இராஜாஜி அமைச்சரவை அதனை அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது. எல்.ஐ.சி. கட்டடம் முழுமையாகத் தெரிந்தால் படம் 1959-ஐ ஒட்டியதாகவோ அதற்குப் பிந்தையதாகவோ இருக்கும். அண்ணா சிலை இருந்தால் 1968-க்குப் பின்னர். இவ்வாறு இரண்டு மூன்று அடையாளங்களைச் சேர்த்துப் பார்த்தால், ஒரு படத்தின் காலத்தைச் சில ஆண்டுகள் வித்தியாசத்திற்குள் கொண்டுவந்துவிடலாம்.

நினைவு சொல்வதும் மறப்பதும்

அண்ணாவின் மறைவுக்குப் பிறகே அவருக்குச் சிலை வைத்தார்கள் என்று சொல்லும் முதியவர்கள் உண்டு. உண்மையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி, 1968 ஜனவரி 1 அன்று, அவர் முதலமைச்சராக இருந்தபோதே சிலை திறக்கப்பட்டது. அவர் மறைந்தது 1969 பிப்ரவரி 3. அடுத்தடுத்து நடந்தவற்றை நினைவு ஒன்றாகக் கட்டிவிடுகிறது.

எல்.ஐ.சி. கட்டடத்தின் கதையும் அத்தகையதே. அதனை ஆயுள் காப்பீட்டுக் கழகமே எழுப்பியது என்று பலரும் நம்புகின்றனர். தொடங்கியவர் தொழிலதிபர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். 1954-இல் சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் அவர் இறந்தார். 1956-இல் ஆயுள் காப்பீடு தேசியமயமானபோது, பாதியில் நின்ற கட்டடம் கழகத்தின் கைக்கு வந்தது. 14 மாடிகளுடன் திறக்கப்பட்டபோது இந்தியாவிலேயே உயரமான கட்டடம் அதுதான். வெளியூரிலிருந்து வந்தவர்கள் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்து மாடிகளை எண்ணியதை இன்றும் சொல்லி மகிழ்கின்றனர். திரைப்படத்தில் அந்தக் கட்டடத்தைக் காட்டினாலே கதாநாயகன் பட்டணம் வந்துவிட்டான் என்று பொருள்.

அதே வேளையில், படம் தர முடியாததை நினைவு தருகிறது. பழைய ஸ்பென்சர் கட்டடம் செங்கல் சிவப்பில் இருந்ததைக் கறுப்பு வெள்ளைப் படம் சொல்லாது. 1983-இல் தீ அதனை அழித்தது. பின்னர் அவ்விடத்தில் ஸ்பென்சர் பிளாசா எழுந்தது. சஃபையர் வளாகத்தின் புளூ டைமண்ட் திரையரங்கில் காட்சிகள் இடைவிடாது ஓடும். எந்த நேரத்திலும் உள்ளே நுழையலாம், வெயில் தாழும்வரை குளிர்சாதனத்தில் உட்கார்ந்திருக்கலாம். அங்கு படம் பார்த்ததைவிடத் தூங்கியதே அதிகம் என்று சிரிப்பவர்கள் பலர். இதை எந்த ஆவணத்திலிருந்து அறிய முடியும்? வாலாஜா சாலை சந்திப்பில் வட்ட வடிவில் இருந்த காவல் சாவடிக்கு 'ரவுண்ட் தாணா' என்று பெயர். சாவடி போய்விட்டது, தமிழர் நாவில் 'ரவுண்டானா' நிலைத்தது அதனால்தான் என்பர்.

எஞ்சியவை

எல்லாம் அழிந்துவிடவில்லை. 1913-இல் வார்விக் மேஜர் தொடங்கிய எலெக்ட்ரிக் தியேட்டர் அண்ணா சாலை அஞ்சலக வளாகத்தில் இன்னும் இருக்கிறது. தபால் தலை வாங்க வருவோரில் எத்தனை பேருக்கு அது நகரின் தொடக்ககாலத் திரையரங்குகளுள் ஒன்று எனத் தெரியும்? 1897-இல் கட்டப்பட்ட பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிக்கும் பணி 2006-இல் தொடங்கியது. மரபுச் சின்ன ஆர்வலர்களின் வழக்கால் உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. அத்தகைய வழக்குகளில் ஒரு கட்டடம் முன்பு எவ்வாறு இருந்தது என்பதைக் காட்டப் பழைய படங்களே துணை நிற்கின்றன.

ஆயினும் வீடுகளில் உள்ள படங்கள் வேகமாக அழிந்துவருகின்றன. ஈரக்காற்று மிகுந்த சென்னையில் ஆல்பத்தின் தாள்கள் ஒட்டிக்கொள்கின்றன. வீடு மாறும்போது பெட்டியோடு பழைய பேப்பர்காரரிடம் போய்விடுகின்றன. குடும்பப் படத்தில் தாத்தாவின் முதுகுக்குப் பின்னே தெரியும் கடைப் பலகைகூட ஒரு தெருவின் சான்றாகலாம். படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் இடம், ஆண்டு, நிற்பவர் பெயர் எழுதிவைப்பது போதும். பேனா மை மறுபக்கம் ஊறும். எழுதும் முன் வீட்டுப் பெரியவர்களிடம் படத்தைக் காட்டி, அவர்கள் சொல்வதைக் கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது. அவர்கள் சொல்லும் ஆண்டைப் பின்னர் சரிபார்த்துக்கொள்ளலாம்.