பல்வேரும் இரத்தச் சர்க்கரையும்: மைசூரின் பிறப்புப் பதிவேடும் மலையகத் தோட்டங்களும்

முதுமையில் பல் விழுவது இயற்கை. நீரிழிவு வருவது வாய்க்கட்டுப்பாடு இல்லாததால். பொதுவழக்கில் ஆழ வேரூன்றிய கருத்துகள் இவை. முன்னது நோயை இயற்கையின் கணக்கில் எழுதுகிறது. பின்னது நோயாளியின் கணக்கில் எழுதுகிறது. இவ்விரு கருத்துகளையும் கேள்விக்கு உட்படுத்திய சான்றுகளில் இரண்டு தென்னாசியாவிலிருந்தே கிடைத்தவை. ஒன்று மைசூரின் ஒரு மருத்துவமனையில் பேணப்பட்ட பிறப்புப் பதிவேடு. மற்றொன்று இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர்களின் வாய்ப் பரிசோதனைக் குறிப்புகள். வெவ்வேறு துறைகளில் வாசிக்கப்படும் இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பது பயன் தருவது.

நோயின் பெயரிலிருந்தே தொடங்கலாம். 'மதுமேகம்' என்ற சொல் சிறுநீரின் இனிப்பைக் குறிக்கிறது. 'நீரிழிவு' சிறுநீர் மிகுதியாக வெளியேறுவதைக் குறிக்கிறது. 'சர்க்கரை நோய்' இரத்தத்திலும் சிறுநீரிலும் காணப்படும் பொருளைக் குறிக்கிறது. இப்பெயர்கள் எதிலும் வாய்க்கு இடமில்லை. கண், சிறுநீரகம், நரம்பு, பெரு இரத்தக்குழாய்கள் ஆகியவற்றின் கேடுகளும் புண் ஆறாமையும் நீரிழிவின் விளைவுகளாக வரிசைப்படுத்தப்பட்ட பின்னரும், ஈறும் பல்வேரும் நெடுங்காலம் அப்பட்டியலுக்கு வெளியிலேயே நின்றன.

வாய் நுண்ணுயிரிகள் பற்றிய ஆய்வு தனிப் பாதையில் வளர்ந்தது. ராபர்ட் கோக்கின் ஆய்வுமுறையைப் பின்பற்றிய அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லோபி டேட்டன் மில்லர், மனித வாயின் நுண்ணுயிரிகள் குறித்த தமது நூலை 1890இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். எனினும், ஈறு நோய்க்குக் காரணம் பற்களின்மேல் படியும் நுண்ணுயிர்ப் படலமே என்பதை மனிதரிடம் நேரடியாக நிறுவியது 1965ஆம் ஆண்டின் ஓர் எளிய ஆய்வு. டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில், நார்வே நாட்டவரான ஹரால்ட் லோவும் அவருடைய குழுவினரும், பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்களான 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் செய்தனர். 10 முதல் 21 நாள்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி தோன்றியது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் சில நாள்களில் அது மறைந்தது.

சில வாரங்களில் தோன்றும் அழற்சி பல ஆண்டுகள் நீடித்தால் பல்வேருக்கு என்ன நேரும் என்பதே அடுத்த கேள்வி. அதற்காக மாணவர்களை ஆண்டுக்கணக்கில் பல் துலக்காமல் வைத்திருக்க இயலாது. பல் மருத்துவமே எட்டாத மக்களைத் தேடிய அக்குழு இலங்கையின் தேயிலைத் தோட்டங்களை வந்தடைந்தது. 1969இல் ஓஸ்லோவில் 565 ஆண்கள், 1970இல் இலங்கைத் தோட்டங்களில் 480 ஆண்கள் எனப் பரிசோதனை தொடங்கியது. ஓஸ்லோவில் தேர்ந்தெடுக்கப்பட்டோர் மாணவர்களும் கல்வியாளர்களும். சிறுவயது முதல் முறையான பல் மருத்துவம் பெற்றவர்கள். தோட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டோர் தமிழ்த் தொழிலாளர்கள். பல் மருத்துவரையே கண்டறியாதவர்கள்.

பல்லின் வேரும் அதைச் சூழ்ந்த எலும்பும் நுண்ணிய நார்களால் பிணைக்கப்பட்டுள்ளன. இப்பிணைப்பு கீழிறங்கும் அளவை மில்லிமீட்டரில் கணக்கிடுவதே 'பற்று இழப்பு' எனப்படும் அளவீடு. 1986இல் வெளியான கட்டுரையின்படி, தோட்டத் தொழிலாளர்களிடையே படலமும் அழற்சியும் ஏறத்தாழ அனைவரிடமும் காணப்பட்டன. விளைவுகளோ மூன்றாகப் பிரிந்தன. 8 விழுக்காட்டினரிடம் பற்று இழப்பு மிக விரைவாக முன்னேறியது. 81 விழுக்காட்டினரிடம் மிதமாக முன்னேறியது. 11 விழுக்காட்டினரிடம் ஈறு அழற்சியைத் தாண்டி நோய் நகரவே இல்லை. 35 வயதளவில் முதல் பிரிவினரின் சராசரி இழப்பு ஏறக்குறைய 9 மில்லிமீட்டர். இரண்டாம் பிரிவினருக்கு 4. மூன்றாம் பிரிவினருக்கு 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. பெரும்பாலான பற்களின் வேர் 12 முதல் 17 மில்லிமீட்டர் நீளமே உடையது என்பதை எண்ணினால் 9 மில்லிமீட்டரின் பொருள் விளங்கும்.

இம்முடிவின் உட்பொருள் தெளிவானது. நுண்ணுயிரி இன்றி நோய் இல்லை. ஆயினும் நுண்ணுயிரி மட்டுமே நோயின் வேகத்தைத் தீர்மானிப்பதில்லை. ஒரே தோட்டத்தில், ஒரே வகை வாழ்வில், ஒருவர் பல்லை இழக்க மற்றொருவர் காத்துக்கொண்டார் எனில், வேறுபாட்டின் ஒரு பகுதியை உடலுக்குள் தேட வேண்டும். அத்தேடலின் வழியில் எதிர்ப்பட்ட காரணிகளுள் முதன்மையானது நீரிழிவு. அமெரிக்காவின் அரிசோனாவில் வாழும் பிமா பழங்குடியினரிடையே, நீரிழிவு உடையோருக்கு ஈறு நோய் பன்மடங்கு மிகுதி என்பதை 1990ஆம் ஆண்டையொட்டிய ஆய்வுகள் காட்டின. அவற்றைச் சான்றாகக் கொண்டு 1993இல் ஈறு நோயை நீரிழிவின் ஆறாவது சிக்கல் என்று அறிவித்தவரும் அதே ஹரால்ட் லோதான்.

இனி மைசூர். 1906இல் வெஸ்லியன் கிறித்தவ சபையினர் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாக நிறுவிய ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில், 1934 முதல் ஒவ்வொரு குழந்தையின் பிறப்பு எடை, நீளம், தலைச் சுற்றளவு ஆகியவை பதிவு செய்யப்பட்டு வந்தன. பிரசவ அறைப் பணியாளர்கள் அன்றாடக் கடமையாகச் செய்த பதிவு அது. இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பதிவேடுகளைக் கொண்டு, குறைந்த எடையில் பிறந்தோருக்குப் பிற்காலத்தில் இதய நோயும் நீரிழிவும் மிகுதி என்று வாதிட்ட டேவிட் பார்க்கரின் குழுவினருக்கு, அக்கருத்தை இந்தியாவில் சோதிக்க வாய்த்த அரிய ஆவணம் இதுவே. மைசூரில் வீடு வீடாகத் தேடி, பதிவேட்டில் குழந்தைகளாக இடம்பெற்றவர்களை நடுவயதினராகக் கண்டுபிடித்தனர்.

இதய நோயில் மைசூரின் முடிவு இங்கிலாந்தை ஒத்திருந்தது. நீரிழிவில் அது மாறுபட்டது. கரோலின் ஃபால் குழுவினர் 506 பேரை ஆராய்ந்து 1998இல் வெளியிட்ட கட்டுரையின்படி, நீளம் குறைந்து, நீளத்திற்கு மிஞ்சிய எடையுடன் பிறந்தவர்களிடமும், எடை மிகுந்த தாய்மாருக்குப் பிறந்தவர்களிடமுமே நீரிழிவு அதிகமாகக் காணப்பட்டது. கருக்காலத்தில் தாயின் இரத்தச் சர்க்கரை உயர்ந்திருந்ததே இதற்குக் காரணமோ என்ற ஐயம் எழுந்தது. அதே மருத்துவமனையில் 1997–98இல் தொடங்கிய பார்த்தினான் ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட 785 பெண்களுள் 49 பேருக்கு, அதாவது 6.2 விழுக்காட்டினருக்கு, கருக்கால நீரிழிவு இருப்பது தெரியவந்தது. இவ்வாறாக நீரிழிவின் தோற்றுவாய்களுள் ஒன்று பிறப்புக்கு முன்னரே அமைகிறது என்ற கருத்து வலுப்பெற்றது. வாய்க்கட்டுப்பாடு பற்றிய பொதுவழக்கு எட்டாத இடம் அது.

இவ்விரு வரலாறுகளும் சந்திக்கும் களம் பல்வேர். உயர்ந்த இரத்தச் சர்க்கரை கொலாஜன் புரதத்துடன் வினைபுரிந்து, அதன் இழைகளைத் தேவையற்ற இடங்களில் ஒன்றோடொன்று பிணைக்கும் சேர்மங்களை உருவாக்குகிறது. வேரை எலும்போடு கட்டும் நார்களின் அடிப்படைப் பொருள் கொலாஜனே. வேரின் பெரும்பகுதியான பல்திசுவின் கரிமப் பொருளும் பெரும்பாலும் அதுவே. அத்தகைய பிணைப்புகள் மிகுந்தால் திசு விறைத்து நொறுங்கும் தன்மை பெறுகிறது. புண் ஆறுவதும் தாமதமாகிறது. நோயெதிர்ப்பு அணுக்கள் நுண்ணுயிரியை ஒழிக்கும் திறனில் குன்றி, அழற்சியை மட்டும் நீட்டிக்கின்றன. உமிழ்நீர் குறைகிறது. ஈறு இறங்கி வேர் வெளிப்படும்போது மற்றொரு தீங்கும் சேர்கிறது. பல்லின் எனாமல் கரையத் தொடங்கும் அமில அளவு ஏறத்தாழ 5.5 பிஎச், வேரோ 6.2 முதல் 6.7 வரையிலான மென்மையான அமிலத்திலேயே கரையத் தொடங்குகிறது. நுண்ணுயிரிகள் வேர்க்குழாய்க்குள் புகுந்தால், நுண்குழல்களில் தங்கி உள்ளிருந்தும் அரிக்கின்றன. ஆக, வேரின் வலிமை பிடிமானத்தாலும் பொருளாலும் ஆனது. நீரிழிவு இரண்டையும் தொடுகிறது.

இவ்வுறவு ஒருவழிப்பட்டதும் அன்று. நாட்பட்ட ஈறு அழற்சி இன்சுலினின் செயலைத் தடுக்கிறது. ஈறு நோய்க்குச் சிகிச்சை பெற்ற நீரிழிவாளர்களின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு ஏறக்குறைய 0.4 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைவதைத் தொகுப்பாய்வுகள் உறுதிப்படுத்தியுள்ளன.

எஞ்சியிருப்பது சொல் பற்றிய சிக்கல். இலங்கை ஆய்வு, ஈறு நோயின் 'இயற்கை வரலாறு' என்ற தலைப்பில் வெளியானது. சிகிச்சை குறுக்கிடாத நோய்ப்போக்கு என்பதே மருத்துவக் கலைச்சொல்லாக அதன் பொருள். ஆனால் தோட்டத்துக்குப் பல் மருத்துவர் வராதது இயற்கை அன்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. அப்பங்கீடு நடைமுறையில் இருந்த ஆண்டுகளில்தான் இவ்வாய்கள் அளக்கப்பட்டன. 2010இல் மீண்டும் பரிசோதிக்கப்பட்டவர்கள் முதலில் இருந்த 480 பேருள் 75 பேர் மட்டுமே. ஓஸ்லோ மாணவரின் வாய் 'சிகிச்சை பெற்ற வாய்' எனவும், தோட்டத் தொழிலாளியின் வாய் 'இயற்கையான வாய்' எனவும் பெயர் பெற்றபோது, அரசியலும் உழைப்புச் சுரண்டலும் உண்டாக்கிய இல்லாமை இயற்கையின் பெயரில் பதிவானது. ஆய்வின் அளவீடுகள் இதனால் பொய்யாவதில்லை. அவற்றின் தலைப்பே மறுவாசிப்பைக் கோருகிறது.

உலகெங்கும் பல் மருத்துவ மாணவர்கள் 8, 81, 11 என்ற விழுக்காடுகளைப் பாடமாகப் பயில்கின்றனர். மைசூரின் ஜே.எஸ்.எஸ். பல் மருத்துவக் கல்லூரி அமைந்துள்ள அதே நகரில்தான் நீரிழிவின் கருக்காலத் தோற்றம் பற்றிய பதிவேடும் இருக்கிறது. நீரிழிவாளரைக் காணும் மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்வதும், ஆடும் பல்லோடு வருபவரிடம் பல் மருத்துவர் சர்க்கரை அளவைக் கேட்பதும் செலவில்லாத செயல்கள். அவை வழக்கமானால், அளக்க மட்டுமே வாயைத் திறந்து காட்டிய அந்த 480 பேரிடம் உலகம் பட்ட கடனில் ஒரு சிறு பகுதியேனும் தீரும்.