அப்பாவின் ஜனதா

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழரைக்கு பெங்களூரு கப்பன் பார்க்கில் ஒரு மரத்தடி பெஞ்ச். பத்துப் பன்னிரண்டு பேர் கர்ச்சீப்பை விரித்து பழைய வாட்சுகளைப் பரப்பி வைத்திருந்தார்கள். வாக்கிங் போனவர்கள் எல்லாரும் ஏதோ வியாபாரம் என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். வியாபாரம் எல்லாம் இல்லை. பழைய கைக்கடிகாரப் பைத்தியங்கள் சும்மா கூடிப் பேசுகிற இடம். ஆபீஸ் நண்பர் ஒருவர் இழுத்துக்கொண்டு போனார். என் பாக்கெட்டில் அப்பாவின் எச்.எம்.டி. ஜனதா.

(ஜனதா என்றதும் 1977 ஞாபகம் வருகிறவர்களுக்கு: கட்சிக்கும் வாட்சுக்கும் சம்பந்தமில்லை. கட்சிக்கு முன்னாலேயே வாட்ச் வந்தாச்சு!)

அங்கே கேட்டதும், எனக்குத் தெரிந்ததுமாக, கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

சுதந்திரம் வந்த சமயம் நம்ம ஊரில் கைக்கடிகாரம் என்றால் சுவிஸ் சரக்குதான். ஃபேவ்ர் லூபா, வெஸ்ட் எண்ட் எல்லாம் அப்போது பெரிய மனுஷன் கையில் இருப்பவை. அன்னியச் செலாவணி தட்டுப்பாட்டில் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வர, கடத்தல் வாட்சுக்குக் கொண்டாட்டம். 1953ல் பெங்களூரில் தொடங்கிய ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ், பேருக்கு ஏற்றபடி லேத்தும் மில்லிங் மெஷினும் செய்த அரசு கம்பெனி. அது 1961ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு கைகோத்து வாட்ச் ஃபாக்டரி ஆரம்பித்தது. முதலில் வந்த வாட்சுகளை வெளியிட்டவர் பிரதமர் நேரு. பின்னாடி ஸ்ரீநகர், தும்கூர், நைனிடால் பக்கம் ராணிபாக் என்று ஃபாக்டரிகள் பெருகின.

ஜனதா, பைலட், சோனா, கோஹினூர், காஞ்சன்... பேரைச் சொன்னாலே ஒரு தலைமுறையின் கல்யாண ஆல்பம் கண்ணில் வரும். காஞ்சன் மாப்பிள்ளை வீட்டார் கேட்டு வாங்கிய மாடல். பார்வையில்லாதவர்கள் கண்ணாடியைத் திறந்து முள்ளைத் தடவி மணி பார்க்கிற பிரெய்ல் வாட்சும் போட்டார்கள். லாபம் மட்டுமே பார்க்கிற கம்பெனி அதைச் செய்திருக்குமா என்று தெரியவில்லை.

ஜனதாவின் உள்ளே பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. தினம் காலையில் சாவி கொடுத்தால் ஸ்பிரிங் இறுகும். அது மெல்ல மெல்லத் தளரும்போது பேலன்ஸ் வீல் மணிக்கு 18,000 தடவை அடிக்கும். அதாவது விநாடிக்கு ஐந்து டிக். டயலில் போட்டிருக்கும் 17 ஜுவல்ஸ், தேய்மானம் குறைய அச்சு முனைகளில் பதித்த செயற்கை மாணிக்கக் கற்கள். (பிரித்து விற்றால் காசு வரும் என்று சின்ன வயசில் நம்பியவன் நான்.)

அப்புறம் குவார்ட்ஸ் வந்தது. பேட்டரியில் ஓடும் படிகம் விநாடிக்கு 32,768 தடவை அதிரும். சாவி வேண்டாம், ஒரு நாளில் வரும் பிசகு அதில் ஒரு மாசத்துக்கு வந்தால் அதிகம். எச்.எம்.டி.யும் குவார்ட்ஸ் செய்தது, ஆனால் மனசு வைத்துச் செய்யவில்லை. 1984ல் டாடாவும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் (நம்ம டிட்கோ) சேர்ந்து ஓசூரில் டைட்டனை ஆரம்பித்தன. ஜாலஹள்ளியிலிருந்து பஸ் ஏறிப் போகிற தூரத்தில் போட்டி! பி.காம். படித்தவன் என்பதால் ஒரு தகவல்: டைட்டனில் இன்றைக்கும் டாடா குழுமத்தை விட டிட்கோவின் பங்குதான் கொஞ்சம் அதிகம். ஒரு அரசு கம்பெனியைச் சாய்த்ததில் இன்னொரு அரசுக்கும் கை இருந்தது என்று சொன்னால் தப்பில்லை.

1991க்குப் பிறகு வெளிநாட்டு வாட்சுகளும் வர, எச்.எம்.டி. வாட்ச் பிரிவு நஷ்டத்திலேயே நடந்தது. 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவைக் குழு மூடுவிழாவுக்கு ஒப்புதல் கொடுத்தது. 2019ல் ஜாலஹள்ளியில் மியூசியம் திறந்தார்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

1976ல் தாத்தா அப்பாவுக்குக் கல்யாணத்துக்குக் கொடுத்த வாட்ச் அது. பின்மூடியில் அப்பாவின் இனிஷியலும் கல்யாணத் தேதியும் வெட்டியிருக்கும். எனக்கு வங்கி வேலை கிடைத்து லக்னோவுக்கு ரயில் ஏறினபோது கையில் கட்டிவிட்டார். இரண்டு மாசம் கட்டினேன். முதல் போனஸில் ஒரு குவார்ட்ஸ் வாங்கினேன், ஜனதா பீரோவுக்குப் போச்சு. "வாட்ச் ஓடுதாப்பா?" என்று போனில் கேட்பார். "ஓடுதுப்பா" என்பேன். இருபது வருஷப் பொய்.

இரண்டு வருஷம் முன்னாடி அப்பா தவறிவிட்டார். குற்ற உணர்ச்சியில் அதை எடுத்துக்கொண்டு ஒரு கடைக்குப் போய், "புதுசு மாதிரி ஆக்கிக் கொடுங்க" என்றேன். சொன்னபடியே புதுசாக்கிக் கொடுத்தார்கள். பாலிஷில் பின்மூடி கண்ணாடி மாதிரி பளபளத்தது. இனிஷியலும் இல்லை, தேதியும் இல்லை. தங்கமணி மட்டும், "புதுசு மாதிரின்னு நீங்கதானே கேட்டீங்க?" என்றாள்.

பார்க்கில் ஒரு கன்னடப் பெரியவர் அதை லென்ஸ் வைத்துப் பார்த்தார். "டயல் மறுபடி பெயிண்ட் பண்ணது சார். எழுத்து தடிமனா இருக்கு பாருங்க, நிமிஷக் கோடு நேரா உக்காரலை" என்றார். வங்கியில் கள்ள நோட்டை ஒதுக்குகிறபோது எதிரில் நிற்பவர் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு என் முகம் அப்படித்தான் போயிருக்கும்.

அவர் விடவில்லை. சின்னக் கத்தியால் மூடியை நெம்பித் திறந்தார். "மெஷின் ஒரிஜினல், கவலைப்படாதீங்க" என்றவர், மூடியின் உள்பக்கத்தை வெயிலில் சாய்த்துக் காட்டினார். ஊசியால் கீறின குட்டிக் குட்டி எழுத்துகள்.

"ரிப்பேர்காரங்க சர்வீஸ் பண்ணினா உள்ளே இப்படிக் குறிச்சு வைப்பாங்க சார்."

லென்ஸை வாங்கிப் பார்த்தேன். 8.83. 5.88. 3.94. எங்க மன்னார்குடி கடைத்தெரு வாட்ச் கடை பாய் கைதான். சின்ன வயசில் அப்பாவோடு போய் அந்தக் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். பாஸ்புக்கில் என்ட்ரி போட்ட மாதிரி வரிசையாக இருந்தது. கடைசி வரி 6.01.

நான் லக்னோவுக்கு ரயில் ஏறினது 2001 ஜூன் கடைசியில். எனக்குக் கொடுப்பதற்காகவே சர்வீஸ் பண்ணியிருக்கிறார். சொல்லவே இல்லை.

பாலிஷ்காரர் கை வெளியே மட்டும்தான் போயிருக்கிறது. அந்தப் புண்ணியத்தில் உள்ளே இருந்தது தப்பித்தது.

உங்க வீட்டு பீரோவிலும் ஒரு ஜனதாவோ சோனாவோ கிடக்கலாம். தயவுசெய்து "புதுசு மாதிரி" என்ற வார்த்தையை மட்டும் கடையில் சொல்லிவிடாதீர்கள். சுத்தம் பண்ணி எண்ணெய் போடச் சொல்லுங்கள், டயலைத் தொட வேண்டாம், பாலிஷ் வேண்டாம் என்று சொல்லுங்கள். மூடியைத் திறக்கும்போது பக்கத்திலேயே நின்று உள்ளே பாருங்கள்.

பெரியவரே சுத்தம் பண்ணிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை, ஃபில்டர் காபி மட்டும் குடித்தார். மூடியை மாட்டுவதற்கு முன்னால் உள்ளே ஏதோ கீறினார். இந்த மாசமும் வருஷமும்.

இப்போது தினம் காலையில் சாவி கொடுக்கிறேன். ஒரு நாளைக்கு அரை நிமிஷம் பிந்துகிறது. பரவாயில்லை, ஓடுதுப்பா.